வயலில் பறவைக் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

"முன்பெல்லாம் நிறையப் பறவை இருந்தது, இப்போது இல்லை" என்பது வெறும் புகார். அதை வைத்து மட்டும் வைத்தியம் பார்க்க முடியாது. குஞ்சுக்குப் புழு கிடைக்காமல் போயிருக்கலாம். உழவு தவறான வாரத்தில் விழுந்திருக்கலாம். மருந்து பூசிய விதை வரப்போரம் சிந்தியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. காரணம் தெரியாமல் மரப்பெட்டி மாட்டுவதும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதும் வைத்தவருக்கு மனத்திருப்தி தரும்; பறவைக்குப் பெரிதாக எதுவும் ஆகாது.

இன்னொரு சிக்கல், வளர்ந்த பறவைகளின் எண்ணிக்கை நன்றாக ஏமாற்றும். ஓர் ஆட்காட்டி ஜோடி ஆண்டுதோறும் அதே வயலுக்கு வந்து, முட்டையிட்டு, ஆண்டுதோறும் இழந்துகொண்டே இருக்கலாம். வரப்பிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் வழக்கம் போலவே தெரியும். அந்த ஜோடிக்கு வயதாகிச் செத்த பிறகுதான் "திடீரென்று காணோம்" என்போம். ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆண்டு இங்கே குஞ்சு பறந்ததா?

தொடங்கும் முன்: கணக்கு

சூரியன் உதித்து 2 மணி நேரத்துக்குள், காற்றும் மழையும் இல்லாத நாளில் போங்கள். ஒன்றுக்கொன்று 200 மீட்டராவது தள்ளியிருக்கும் இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் அசையாமல் நின்று பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள். 15 நாளுக்கு ஒரு முறை, அதே இடங்கள், அதே நேரம். ஒரு நாள் நான்கு பேரும் மறுமுறை ஒருவரும் போய் எண்ணினால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

தலை எண்ணிக்கையைவிட, பறவை என்ன செய்தது என்பதே பயன்படும். அலகில் புல்லோடு போனால் கூடு கட்டுகிறது. புழுவைத் தின்னாமல் அலகில் வைத்தபடி ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறந்தால் குஞ்சு இருக்கிறது. குட்டை வாலோடு, அலகோரம் மஞ்சள் மாறாமல் ஒன்று வரப்பில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கூடு ஜெயித்துவிட்டது.

அதே நோட்டில் பக்கத்துப் பத்தியில் வயல் வேலையை எழுதுங்கள்: உழவு, களையெடுப்பு, தெளித்த மருந்தின் பெயர், தண்ணீர் கட்டிய நாள், வடித்த நாள், அறுப்பு. இரண்டு பத்தியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாலே பாதிக் கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

அறிகுறி 1: பறவை வருகிறது, ஜோடி சேர்கிறது, குஞ்சை மட்டும் காணோம்

பெரும்பாலும் தரையில் முட்டையிடும் பறவைகளிடம் இதைப் பார்க்கலாம்: ஆட்காட்டி, வானம்பாடி, காடை, கௌதாரி, உயரமான பயிருக்குள் கூடு வைக்கும் பூனைப்பருந்து. முதலில் நாள் கணக்கு போடுங்கள். அடைகாக்க வானம்பாடி வகைகளுக்கு 11 முதல் 14 நாள், காடைக்கு 16 முதல் 18 நாள், ஆட்காட்டிக்கு 28 முதல் 30 நாள் ஆகும். வானம்பாடிக் குஞ்சு பிறந்து 8 முதல் 10 நாளில், பறக்கத் தெரியாமலேயே கூட்டைவிட்டு இறங்கி நடக்கும். பறக்க மேலும் ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். டிராக்டர் சத்தத்துக்கு ஓடாமல் தரையோடு ஒட்டிப் பதுங்குவது இந்தக் குஞ்சுகளின் குணம். கழுகுக்குத் தப்பவைக்கும் அதே குணம் கத்திக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறது.

கூட்டிருந்த இடம் தெரிந்தால் குனிந்து பாருங்கள். தடயம் பேசும்.

- ஓட்டின் அகலமான முனை மூடி கழற்றியதுபோல் வட்டமாகத் திறந்து, உள்தோல் காய்ந்து ஓட்டைவிட்டு உரிந்திருந்தால் குஞ்சு பொரிந்து போயிருக்கிறது. ஆட்காட்டி பெரிய ஓடுகளைத் தூக்கிப் போய்ப் போட்டுவிடும்; குழியின் அடியில் கடுகளவு ஓட்டுத் துணுக்குகள் மட்டும் கிடக்கும். அதைப் பார்த்து "முட்டை திருடு போனது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.
- ஓட்டின் பக்கவாட்டில் ஓட்டை, உள்ளே மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் காகம் போன்ற பறவை.
- ஓடு நொறுங்கி, விளிம்பில் பல் பட்ட குழிகள் இருந்தால் கீரி, நாய், நரி.
- எதுவுமே இல்லாமல் சுத்தமாகக் காலியாக இருந்தால் பாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.
- மண் புரண்டு, முட்டை பாதி புதைந்திருந்தால் வேறு யாரையும் தேட வேண்டாம். உழவுக் கொழுதான்.
- முட்டை முழுதாக, குளிர்ந்து கிடந்தால் தாய் விட்டுப் போயிருக்கிறது: தண்ணீர் ஏறியது, பக்கத்தில் நெடுநேரம் ஆள் வேலை செய்தது, அல்லது தாயே செத்தது.

எந்திரம்தான் காரணம் என்றால் மலிவான தீர்வு நாளை மாற்றுவது. தீவனப் புல்லில் இரண்டு அறுப்புக்கு நடுவே 7 வாரம் விட்டால் வானம்பாடி ஒரு ஈட்டுக் குஞ்சுகளை முழுதாக வளர்த்துவிடும். ஐந்து வாரத்துக்கு ஒரு முறை அறுத்தால் முளைத்து வரும் பசும்புல் பறவையைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், குஞ்சு இறங்கும் வாரத்தில் கத்தி வரும். பறவையே வராத வயலைவிட இது மோசம். சுற்றுப்புறத்து ஜோடிகளையும் இழுத்துக் கெடுக்கும் பொறி அது.

நாளை மாற்ற முடியாதபோது அறுக்கும் திசையை மாற்றுங்கள். வழக்கமாக எந்திரம் வெளியோரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வரும். குஞ்சுகள் நின்ற பயிருக்குள் ஒதுங்கி ஒதுங்கிக் கடைசிச் சுற்றில் மொத்தமாக மாட்டிக்கொள்ளும். நடுவில் தொடங்கி வெளியே வந்தால் அவை ஓரத்துப் புதருக்கு ஓடிவிடும். ஐரோப்பாவில் அழிந்துகொண்டிருந்த கார்ன்கிரேக் என்னும் வயல்கோழியைக் காப்பாற்ற ஸ்காட்லாந்துத் தீவுகளிலும் அயர்லாந்திலும் கையாண்ட முறைகளில் இது முதன்மையான ஒன்று. மெதுவாக ஓட்டுவதும், கத்தியைத் தரையிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் வைப்பதும், கடைசியில் ஓரத்தில் ஒரு பட்டையை அறுக்காமல் விடுவதும் இதோடு சேரும்.

தெரிந்த கூடுகளுக்கு அடையாளக் குச்சி நடலாம். குச்சியைக் கூட்டின் தலைமாட்டில் நடாதீர்கள். காகம் இரண்டே நாளில் குச்சிக்கும் முட்டைக்கும் உள்ள உறவைக் கற்றுக்கொள்ளும். எந்திரம் வரும் வரிசையில் கூட்டுக்கு முன்னும் பின்னும் சில மீட்டர் தள்ளி, பயிர் உயரத்துக்கு மேல் அதிகம் தலை நீட்டாத இரண்டு குச்சிகள் போதும். சுற்றிலும் அறுத்துவிட்டுக் கூட்டுக்கு மட்டும் ஒரு சாண் பயிர் விடுவதும் தவறு. வெட்டவெளியில் நிற்கும் சின்னத் திட்டை நாய் நேராக வந்து பார்க்கும். விடுவதானால் தாராளமாக விடுங்கள்.

பயிர் அடர்த்தியும் ஒரு காரணம். நெருக்கமாக விதைத்து உரம் போட்ட தானியப் பயிர் சில வாரங்களில் சுவராகிவிடும். வானம்பாடி உள்ளே இறங்கி நடக்க முடியாது. அதனால் டிராக்டர் சக்கரத் தடத்தில் கூடு வைக்கும், அங்கே நசுங்கும். இங்கிலாந்தில் இதற்கு எளிய வழி கண்டார்கள்: விதைக்கும்போது எந்திரத்தைச் சில விநாடி தூக்கி, எக்டேருக்கு 2 வீதம், ஒவ்வொன்றும் குறைந்தது 16 சதுர மீட்டர் வெற்றுத் திட்டுகள் விடுவது. வயலோரத்திலிருந்து 50 மீட்டராவது உள்ளே, சக்கரத் தடத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். தடத்தோடு இணைந்தால் நரி அதே பாதையில் நடந்து வந்துவிடும். விளைச்சலில் இழப்பு எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத அளவுதான்: 10,000 சதுர மீட்டரில் 32.

இயற்கை விவசாயம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து அடிக்காத வயலில் குஞ்சுக்கு இரை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் களைக்கொல்லிக்குப் பதில் மூன்று நான்கு முறை எந்திரக் களையெடுப்பு ஓட்டினால் தரைக்கூடு ஒன்றுகூட மிஞ்சாது. முத்திரை இருக்கிறதே என்று இந்த அறிகுறியைத் தாண்டிப் போக வேண்டாம்.

அறிகுறி 2: புறா, காகம், மைனா மட்டும் மிச்சம்

எந்தப் பறவை போயிற்று என்பதைவிட எது தங்கியிருக்கிறது என்று பாருங்கள். புறா வகைகள் தங்கள் தொண்டைப் பையில் சுரக்கும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டுபவை. அவற்றுக்குத் தானியம் இருந்தால் போதும். குஞ்சு வளர்க்கப் பூச்சி வேண்டியதில்லை. சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் தானியம் தின்னும் பறவைகள்தாம், ஆனாலும் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். கௌதாரிக் குஞ்சும் காடைக் குஞ்சும் முதல் இரண்டு வாரம் பூச்சியை நம்பியே இருக்கின்றன. ஆக, புறா நிறைந்து, குருவியும் கதிர்க்குருவியும் கரிச்சானும் மறைந்திருந்தால் பூச்சிப் பஞ்சத்தைச் சந்தேகியுங்கள்.

சோதனை எளிது. வெள்ளைத் தட்டு ஒன்றைச் செடிக்குக் கீழே பிடித்து, தண்டைக் கையால் ஐந்து முறை தட்டுங்கள். வயல் நடுவில் 10 இடம், வரப்பில் 10 இடம். விழும் கம்பளிப்புழு, வெட்டுக்கிளி, வண்டு, சிலந்தியை எண்ணுங்கள். ஒரு செ.மீ. நீளப் புழு ஒன்று பல அசுவினிக்குச் சமம். அசுவினியை மட்டும் எண்ணி "பூச்சி இருக்கிறதே" என்று சொல்லிவிடக் கூடாது. இரவுப் பூச்சிக்கு, வாய் மண்மட்டத்தில் இருக்கும்படி டம்ளரைப் புதைத்து மறுநாள் காலையில் பாருங்கள். மழை விழாமல் மேலே ஓட்டுச்சில் வையுங்கள். வரப்பில் நிறைய, நடுவில் ஒன்றும் இல்லை என்றால் தெளிப்பு. இரண்டிலும் இல்லை என்றால் களைக்கொல்லி வரப்புவரை போயிருக்கிறது.

களைக்கொல்லி பறவையைக் கொல்வதில்லை என்பது பல மருந்துகளுக்கு உண்மையே. புழு தின்னும் செடியைக் கொல்கிறது. செடி போனால் புழு போகும். புழு போனால் குஞ்சு போகும். இங்கிலாந்தில் சாம்பல் கௌதாரி சரிந்ததை ஆராய்ந்தவர்கள் கண்ட முக்கியக் காரணம் இந்தச் சங்கிலிதான். அங்கே கண்ட தீர்வும் சிக்கலானதல்ல: வயலின் வெளியோரம் 6 மீட்டரில் மட்டும் களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் பெரும்பாலும் நிறுத்துவது. பெரிய வயலாக இருந்தால் நடுவில் 40 செ.மீ. உயரம், 2 மீட்டர் அகலத்தில் ஒரு கரை எழுப்பி, கொத்தாக வளரும் புல்லை விதையுங்கள். இரை தின்னி வண்டுகள் அங்கே தங்கும். வெயில் ஏறும் பருவத்தில் அங்கிருந்து வயலுக்குள் இறங்கும். கரை ஓரத்து வேலியைத் தொடாமல் 20 மீட்டராவது முன்பே நிற்கட்டும், டிராக்டர் சுற்றிப் போக வழி வேண்டும்.

பூச்சி இருந்தும் கரிச்சானும் பனங்காடையும் வரவில்லையா? உட்கார இடமில்லாமல் இருக்கலாம். இவை உயரத்திலிருந்து பார்த்துப் பாய்ந்து பிடிப்பவை. பயிருக்கு மேல் ஒன்றரை அடி நீட்டும்படி டி வடிவக் குச்சிகளை எக்டேருக்கு 40 முதல் 50 வரை நடலாம். கதிர் பால் பிடிக்கும்போது குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். அதுவரை புழு தின்னிக்கு மேடையாக இருந்தது அன்றிலிருந்து தானியம் தின்னிக்கு மேடை. பலரும் மறப்பது இதைத்தான். மறந்துவிட்டு "குச்சி நட்டதால் சேதம் கூடியது" என்பார்கள்.

மேய்ச்சல் நிலமாக இருந்தால் சாணியைப் புரட்டிப் பாருங்கள். நல்ல நிலத்தில் சில நாளில் சாணியில் வண்டு துளைத்த ஓட்டைகளும் ஈப்புழுவும் இருக்கும். அடை போலக் காய்ந்து வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால், மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டின் வகைக் குடற்புழு மருந்து சாணியில் இறங்கி வண்டின் புழுக்களைக் கொன்றிருக்கலாம். உண்ணிக்கொக்குக்கும் வாலாட்டிக்கும் அங்கே ஒன்றும் மிஞ்சாது. மந்தை முழுக்க ஒரே நாளில் போடாமல், பரிசோதித்துத் தேவையான மாட்டுக்கு மட்டும் போடுவதும், போட்ட மாட்டைச் சில நாள் கொட்டிலில் வைத்திருப்பதும் வழி.

அறிகுறி 3: பறவை செத்துக் கிடக்கிறது

வெறுங்கையால் தொடாதீர்கள். நீர்ப்பறவைகளோ கோழிகளோ கூட்டமாகச் செத்திருந்தால் தொடவே வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

மற்றபடி கையுறை போட்டு மார்பைத் தடவிப் பாருங்கள். நடு எலும்பின் இரு பக்கமும் சதை திரண்டிருந்தால் பறவை நல்ல நிலையில் இருந்து திடீரென்று செத்திருக்கிறது: விஷம், மோதல், மின்சாரம். எலும்பு கத்தி விளிம்பு போலத் தட்டுப்பட்டால் பல நாள் பட்டினி அல்லது நோய். மின்கம்பிக்கு அடியில் கிடந்தால் கால் விரலிலும் இறகு நுனியிலும் கருகல் தேடுங்கள். தேங்கிய, சூடான குட்டையோரம் வாத்துகள் கழுத்தைத் தூக்க முடியாமல் துவண்டு கிடந்தால் பாட்டுலிசம் என்னும் நஞ்சு. செத்த உடலில் நெளியும் புழுவைத் தின்ற பறவை அடுத்துச் சாகும். ஆகவே உடல்களை உடனுக்குடன் எடுத்துவிட்டாலே பரவல் பாதி நிற்கும்.

விஷம் என்று தோன்றினால் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள்.

நரம்பு விஷம்: மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட், கார்போபியூரான் போன்ற கார்பமேட். சாவு விரைவு. தொண்டைப் பையில் செரிக்காத தானியமோ பூச்சியோ அப்படியே இருக்கும், அலகில் எச்சில் வழிந்திருக்கும், விரல்கள் இறுக மடங்கியிருக்கும். தெளித்த அன்றோ மறுநாளோ, வயலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். 1995–96 கோடையில் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்த வயல்களில், வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த சுவைன்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அவை தின்றது வெட்டுக்கிளியைத்தான். கார்போபியூரான் குருணை இன்னும் நேரடி: மணல் பொறுக்கும் பறவை அதை மணல் என்றே பொறுக்கும், சிறு பறவைக்கு ஒரு குருணை போதும்.

எலி மருந்து: புரோமடியோலோன், புரோடிபாகூம் போன்ற இரத்தம் உறையவிடாத மருந்துகள். சாவு நாள் கழித்து, மருந்து வைத்த இடத்துக்கு வெகு தூரத்தில், ஆந்தைக்கும் பருந்துக்கும். வாய் உட்புறம் வெளுத்திருக்கும், தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருக்கும். மருந்து தின்ற எலி உடனே சாகாது. நான்கைந்து நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. புரோடிபாகூம் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் ஒவ்வோர் எலியும் முந்தியதன் மேல் கூடிக்கொண்டே போகும்.

ஆய்வுக்கு அனுப்ப: படம் எடுத்து, இடமும் நாளும் எழுதி, இரட்டை நெகிழிப் பையில் கட்டி உடனே பனிக்கட்டியில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போனால் குளிர்ச்சி போதும், தாமதமானால் உறையவையுங்கள். நரம்பு விஷத்துக்கு மூளையில் உள்ள கோலினெஸ்டரேஸ் நொதியை அளப்பார்கள். அது இயல்பிலிருந்து 20 சதவீதம் குறைந்தால் விஷம் பட்டிருக்கிறது, 50 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சாவுக்கே காரணம் அதுதான் என்று கொள்வது வழக்கம். கார்பமேட்டில் உடல் சூடாகக் கிடந்தால் அந்த நொதி தன்னால் மீண்டு, விடை பொய்யாகிவிடும். வெயிலில் அரை நாள் கிடந்த உடலை அனுப்பிவிட்டு "ஒன்றும் இல்லை என்று வந்தது" என்று ஆறுதல் கொள்வதில் பொருளில்லை.

விதைப்பு முடிந்த கையோடு சாவு என்றால் விதைநேர்த்தி மருந்தைப் பாருங்கள். இமிடாகுளோபிரிட் பூசிய மக்காச்சோள விதை ஒன்றே ஒரு சிறு குருவியைக் கொல்லப் போதுமானது. சாகாத அளவும் சும்மா விடாது. கனடாவில் வலசைக் குருவிகளுக்குச் சில விதைகளில் இருக்கும் அளவை ஊட்டிப் பார்த்தபோது, சில மணி நேரத்தில் 6 சதவீதம் எடை இழந்தன, பயணத்தைச் சராசரியாக 3.5 நாள் தள்ளிப்போட்டன. 2019-ல் வெளிவந்த ஆய்வு இது. விதை பெரும்பாலும் வெளியே கிடப்பது எந்திரம் திரும்பும் தலைமாட்டில்தான். எந்திரத்தைத் தூக்கும் முன்பே விதை விழுவதை நிறுத்துங்கள். பிறகு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தலைமாட்டில் 10 இடத்தில் போட்டு வண்ண விதைகளை எண்ணுங்கள். தென்பட்டால் அன்றே மண்ணைக் கிளறி 4 செ.மீ.க்குக் கீழே மூடுங்கள். மூட்டை அவிழ்த்த இடத்தில் சிந்தியதைக் கூட்டி அள்ளுங்கள்.

கழுகுகளுக்குத் தனிக் கணக்கு. உடலைத் திறக்கும் மருத்துவர் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு இருப்பதாகச் சொன்னால், அது யூரிக் அமிலம், சிறுநீரகம் செத்திருக்கிறது. செத்த மாட்டுக்குக் கடைசி நாட்களில் வலி மருந்தாக டைக்ளோபினாக் போட்டிருந்தால் இப்படி ஆகும். தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் அடியோடு சரிந்ததற்கு இதுதான் காரணம் என்று 2004-ல் நிறுவப்பட்டது. 2006-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் இதைக் கால்நடைக்குப் போடத் தடை விதித்தன. மெலாக்சிகாம் அதே வேலையைச் செய்யும், கழுகைக் கொல்லாது.

அறிகுறி 4: எலி பெருகுகிறது, ஆந்தை இல்லை

இந்த இரண்டும் அநேகமாக ஒரே கோளாறு. பொந்துள்ள கிழ மரமும் பாழ்ச்சுவரும் போன பிறகு கூகை என்னும் ஆந்தைக்கு வீடில்லை. பெட்டி வைக்கலாம், ஆனால் எலி மருந்தை நிறுத்தாமல் பெட்டி வைப்பது விருந்துக்குக் கூப்பிட்டு விஷம் பரிமாறுவதே.

பெட்டியின் தரை சுமார் 40 × 60 செ.மீ., வாசல் 13 × 13 செ.மீ. வாசலின் அடிவிளிம்பு உள்தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கடையில் விற்கும் பல பெட்டிகள் கெடுவது இந்த ஓர் அளவில்தான்: ஆழம் குறைந்தால் இறகு முளைக்காத குஞ்சு வாசலுக்கு வந்து விழும், விழுந்த குஞ்சைக் கூகை தரையில் ஊட்டாது. தரையில் 6 மி.மீ. வடிகால் ஓட்டைகள், துப்புரவுக்கு ஒரு பக்கக் கதவு. தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல், வாசல் திறந்த வயலைப் பார்த்து, மழைச்சாரல் அடிக்கும் திசைக்கு முதுகு காட்டி மாட்டுங்கள். மலேசிய எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் 5 முதல் 10 எக்டேருக்கு ஒரு பெட்டி என்று வைக்கிறார்கள்.

குடிவந்ததா என்று அறியத் திறந்து பார்க்க வேண்டாம். செரிக்காத எலும்பையும் மயிரையும் ஆந்தை உருட்டிக் கக்கும் உமிழ்உருண்டை, கீழே கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடுகளை எண்ணலாம். எந்த எலி, எத்தனை என்று பெட்டியே கணக்குக் கொடுத்துவிடும். எலி அடங்காத இடத்தில் வளையைத் தோண்டுவது, கிட்டி வைப்பது, வரப்பைச் சிறுக்கிக் கட்டுவது. வேறு வழியே இல்லை என்றால் துத்தநாக பாஸ்பைடு எலிக்குள்ளேயே பெரும்பாலும் சிதைந்துவிடுவதால் ஆந்தைக்கு அபாயம் குறைவு. ஆனால் அது கலந்த தானியத்தை நேரே தின்னும் புறாவும் கௌதாரியும் சாகும், ஆகவே வளைக்குள் வைத்து அடைக்க வேண்டும். திறந்த வரப்பில் தூவக் கூடாது.

அறிகுறி 5: பறவை பயிரைத் தின்கிறது

முதலில், தின்றது பறவைதானா? தண்டு அடியில் சாய்வாக, கத்தியால் சீவியதுபோல் வெட்டுண்டு, துண்டுகள் சிதறிக் கிடந்தால் எலி. மக்காச்சோள மட்டை நாராகக் கிழிந்து, பாதி கடித்த மணிகள் கீழே உதிர்ந்திருந்தால் கிளி. கதிர் நின்ற நிலையிலேயே உமி மட்டும் தங்கி, மேலே பால் காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தால் சில்லை. முளைத்த நாற்று வேரோடு பிடுங்கி விதை மட்டும் காணாமல் போயிருந்தால் மயில், காகம், புறா.

அடுத்து அளவு. நாலு ஓரத்திலும் நடுவிலும் ஓர் இடத்துக்கு 20 கதிர் எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு போயிற்று என்று குறியுங்கள். பறவைச் சேதம் மரத்தோரம், கம்பியோரம் குவியும். அங்கே நின்று பார்ப்பவருக்கு வயலே போனதாகத் தோன்றும். ஐந்து இடத்துச் சராசரி எடுத்தால் கதை பெரும்பாலும் மாறிவிடும்.

சேதம் உண்மையிலேயே அதிகம் என்றால், காரணம் பெரும்பாலும் காலம். சுற்று வட்டாரத்தில் யாருக்கும் கதிர் வராதபோது ஒருவர் வயலில் மட்டும் பால் பிடித்தால் அத்தனை கூட்டமும் அங்கேதான் வரும். ஒரே வாரத்தில் எல்லோரும் விதைத்தால் அதே கூட்டம் பரவிப்போகும், ஒருவருக்கும் வலிக்காது. விரட்டுவதானால் பால் பிடிக்கத் தொடங்கும் முதல் நாளிலிருந்தே விரட்டுங்கள். ருசி கண்ட பிறகு எதற்கும் அசையாது. பளபளக்கும் நாடாவை மூன்று நான்கு முறுக்கு கொடுத்து, கதிருக்கு மேல் தொய்வில்லாமல் கட்டினால் காற்றில் ஒளிரவும் செய்யும், ரீங்கரிக்கவும் செய்யும். எந்தப் பொம்மையும் ஒரே இடத்தில் நின்றால் சில நாளில் அதன் தலையிலேயே குருவி உட்காரும். இடத்தையும் வகையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வலை போட்டால் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த மெல்லிய நைலான் வலையில் ஆந்தையும் பாம்பும் சிக்கிச் சாகும், காலையும் மாலையும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

கொல்வது பற்றி யாராவது பேசினால் சீனாவைச் சொல்லுங்கள். 1958-ல் குருவியை ஒழிக்க நாடே இறங்கியது. பூச்சி பெருகியது. 1960-ல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

அறிகுறி 6: வயலில் தண்ணீர் நிற்கிறது, நீர்ப்பறவை இல்லை

அளவுகோலை நட்டுப் பாருங்கள். உள்ளான் வகைகளுக்கு 5 செ.மீ.க்குக் கீழே, ஈரச் சேறு தெரிய வேண்டும். கொக்குக்கு 10, 15 செ.மீ. வரை சரி. அதற்கு மேல் வாத்துக்குத்தான். ஒரே மட்டமாகச் சமன்செய்து ஒரே ஆழத்தில் நிறுத்தினால் ஒரே வகைப் பறவைதான் வரும். ஒரு மூலையை மட்டும் சற்றுத் தாழ்வாக விட்டால் இரண்டு மூன்று வகைக்கு இடம் கிடைக்கும்.

ஆழம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மீனும் தவளையும் இல்லை. நடுவில் தண்ணீரை முழுதாக வடிக்கும்போது தலைப்பிரட்டைகள் காய்ந்து சாகின்றன. சிமெண்ட் வாய்க்காலின் செங்குத்துச் சுவரில் தவளை ஏற முடிவதில்லை, மீன் வயலுக்குள் வர முடிவதில்லை. ஜப்பானில் சாடோ தீவில் 2008-ல் கொண்டை அரிவாள்மூக்கனைத் திரும்பவும் காட்டில் விட்டபோது இதற்கு வயலுக்குள்ளேயே வழி செய்தார்கள்: வரப்போரம் ஆண்டு முழுக்க நீர் நிற்கும் ஒரு பள்ளவாய்க்கால், வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே மீனுக்கு ஒரு சரிவு, அறுப்புக்குப் பின் தாளடியில் தண்ணீர் தேக்குவது, மருந்தைக் குறைப்பது. தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும்வரை வடிப்பைச் சில நாள் தள்ளுவது இவற்றில் செலவே இல்லாதது. அறுப்புக்குப் பின் தாளை எரிக்காமல் தண்ணீர் விட்டால் தாளும் மட்கும், பறவையும் இறங்கும். கலிபோர்னியாவில் 1991-க்குப் பிறகு தாள் எரிப்புக்குக் கட்டுப்பாடு வந்து, உழவர்கள் இந்த வழிக்கு மாறியதும் அந்த நெல்வயல்கள் குளிர்கால வாத்துகளின் பெரிய தங்குமிடமாயின.

அறிகுறி 7: எல்லாம் செய்தாயிற்று, எண்ணிக்கை ஏறவில்லை

ஓராண்டில் ஏறாது. இந்த ஆண்டு பறந்த குஞ்சு அடுத்த ஆண்டுதான் கூடு வைக்கும். மூன்று பருவத்துக்காவது அதே கணக்கை எடுங்கள். மாற்றம் எதுவும் செய்யாத ஒரு பக்கத்து வயலையும் சேர்த்து எண்ணுங்கள். இரண்டிலும் ஒன்றாக இறங்கினால் மழை குறைந்த ஆண்டாக இருக்கலாம், வலசைப் பறவையாக இருந்தால் கோளாறு வழியில் வேறு நாட்டில் இருக்கலாம். உங்கள் வயலில் ஏறாமல், ஆனால் அலகில் புழுவோடு பறக்கும் பறவைகள் கூடியிருந்தால் தொடருங்கள். குஞ்சு பறந்தும் மறு ஆண்டு திரும்பவில்லை என்றால் வேலியைப் பாருங்கள். புதரை ஒவ்வோர் ஆண்டும் ஒட்ட வெட்டினால் பூவும் இல்லை, பழமும் இல்லை, பட்டினி மாதத்தைத் தாண்ட எதுவும் இல்லை. மொத்த நீளத்தை மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பங்கு மட்டும், கூடு வைக்கும் காலம் முடிந்த பிறகு வெட்டுங்கள். அடியில் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல்லை விட்டுவையுங்கள்.